ஏழாம் துளை

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கொட்டகைக்குள் டீசல் ஹீட்டர் இரைகிறது,
இரண்டடி தூரத்துக்கு மட்டும் சூடு.

ஐம்பத்தேழாம் வருடத்து பான்டியாக்.
கதவுகளைக் கழற்றியாயிற்று.
அவை இருந்த வாசல்களில் குறுக்கே
இரும்புக் குழாய் பற்றவைத்தாயிற்று.
அது இல்லாமல் தூக்கினால்
பாடி நடுவில் தொய்ந்துவிடும்.
பிறகு எந்தக் கதவும்
தன் வாசலில் பொருந்தாது.

சங்கிலி ஏற்றி ஓரெஸ்டிடம் இருந்தது.
விவாகரத்தில் கார் எனக்கு, ஏற்றி அவனுக்கு என்று
எழுதிய ரெஜைனா வக்கீலுக்கு
கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போன் செய்தேன். வந்தான்.
பூட்ஸின் பனியைத் தட்டிக்கொண்டே
"அக்குவேறு ஆணிவேறாகவா?" என்றான்.
"பாடி வேறு, சேஸி வேறு. அவ்வளவுதான்."

இந்த நாட்டில் செய்த பான்டியாக்குகள் அப்படி:
மேலே பான்டியாக், அடியில் ஷெவர்லே.
கல்யாணத்துக்குப் பிறகுதான்
எனக்கு அதைச் சொன்னான்.

எலும்பு என்பார்கள், தசை என்பார்கள்,
உயிர் பிரிகிறது என்றுகூடச் சொல்வார்கள்.
எனக்கு இது இரும்பு.
காபி டப்பாவில் பதினொரு போல்ட்.
ஏழாம் துளையில் ஒன்றுமில்லை,
துருப்பிடித்து விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்துப் பண்ணை வெர்னா ஃப்ரீசன்
டார்ச்சோடு முன்பக்கம் குனிந்தாள்.
ஓரெஸ்ட் சங்கிலியை இழுத்தான்,
க்ளிக், க்ளிக்,
முன்பக்கம் ஒரு சாண் எழும்பியது.
பின்பக்கத்தின் வலது மூலை மட்டும்
சேஸியையும் சேர்த்துத் தூக்கியது.
சங்கிலி மெல்ல முனகியது.
"நிறுத்து!" வெர்னா.

யாரும் பேசவில்லை. ஹீட்டர் மட்டும்.
பிறகு அவன், என்னைப் பார்க்காமல்:
"பின்சீட்டுக்கு அடியில். மேலே தார் பூசியிருப்பேன்."

படுத்து நுழைந்தேன்.
உளியால் தாரைச் சுரண்டச் சுரண்ட
ஒரு நட்டின் தலை,
முனையெல்லாம் மழுங்கி, கூழாங்கல்போல.
ரெஞ்சு வழுக்கியது. கெட்ட வார்த்தை சொன்னேன்.
கேஸ் விளக்கைப் பிடித்துச் சிவக்கச் சுட்டபோது
ரப்பர் கருகும் நாற்றம்,
ஆனால் வேறு ரப்பர்,
பனித்தரையில் நடக்கும் ஆட்டத்தின் வாடை.

டப்பென்று முறிந்தது.
நானூறு கிலோ ஒரு பெருமூச்சு விட்டு
ஆடாமல் எழும்பியது.
சட்டத்தின் குழிவுகளிலிருந்து
எலி சேர்த்த கோதுமை சரசரவென்று கொட்டியது,
எந்த வருட அறுவடையோ.
அதோடு உருண்டு வந்தது
நடுவில் துளையிட்ட ஒரு ஹாக்கி பக்.
விளிம்பில் பள்ளிக்கூட அணியின் பெயர், பாதி கருகி.

"தொண்ணூற்றெட்டு" என்றான்.
"வலப்பக்கக் கதவு கிறீச்சிடுகிறது என்று
நீ தினமும் சொன்னாயே."

சொன்னேன்தான்.
ஒரு வியாழக்கிழமை அது நின்றுபோனது.
தானாக நின்றது என்றே
இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வெர்னா காரணமே இல்லாமல்
டார்ச்சை அணைத்தாள், திரும்ப ஏற்றினாள்.

வெறும் சேஸியை மூவருமாய் வெளியே தள்ளினோம்.
எஞ்சினும் நான்கு சக்கரமும் மட்டும்,
வெட்கமில்லாமல் பனியில் நின்றது.
பாடி உள்ளே, மரக்குதிரைகளின் மேல்.

கிளம்பும்போது ஏற்றியைக் கழற்றவில்லை அவன்.
"இறக்கவும் வேண்டுமே" என்றான், வெர்னாவிடம்.

ராத்திரி மறந்த டார்ச்சை எடுக்க
ஏணி வைத்து உள்ளே ஏறினேன்.
சீட் இருந்த இடத்தில் குந்தினேன்.
கண்ணாடியில்லாத ஜன்னலில்
கொட்டகைச் சுவரின் வேறொரு உயரம் தெரிந்தது,
குளவிக்கூடு, யாரோ அடித்துவிட்ட ஆணி.

பன்னிரண்டு புது ரப்பர்கள்
ஓஹாயோவிலிருந்து வந்து பெட்டியில் கிடக்கின்றன,
எல்லாம் ஒரே அளவு.
பக்கை அளந்தேன், கருகாத பக்கத்தில்.
புதியதைவிட மூன்று மில்லிமீட்டர் கூடுதல்.

சுவரில், ஏழு என்ற எண்ணுக்குப் பக்கத்தில்,
சாக்பீஸால் எழுதினேன்:
மூன்று கூட்டு.